பழனியாண்டி சொன்ன பெயர்

"அம்மா, இன்னொரு ரொட்டி இருக்கா?"

அம்மாக்கண்ணு திரும்பிப் பார்க்காமலே கல்லில் கிடந்த ரொட்டியை எடுத்து மகனின் தட்டில் போட்டாள். திரும்பினால் கண் கலங்கியிருப்பதை அவன் பார்த்துவிடுவான். மகன் பசிக்கிறது என்று கேட்டதற்காக அழுகிற தாயை ஊசிமலைத் தோட்டத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

திலக்ஷன் தேங்காய்ச் சம்பலோடு அதையும் சாப்பிட்டு முடித்தான். பிளேன்டியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தான்.

"போயிட்டு வர்றேம்மா. இன்னைக்கு ஒரு இரும்புக் கேட்ட முடிச்சிக் குடுக்கணும். பாஸ் வெள்ளனவே வரச் சொன்னாரு."

"மழ வரும்போல இருக்கு. தொப்பியப் போட்டுக்க."

அவன் படியிறங்கிக் கொட்டகலை ரோட்டுப் பக்கம் நடந்தான். அம்மாக்கண்ணு கோயில் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக் காம்பராவின் கதவைப் பார்த்து இன்னொரு கும்பிடு. அவன் பொங்கலுக்கு முன்னால் வீடு திரும்பியதிலிருந்து ஒரு நாளும் அவள் இதைத் தவறவிட்டதில்லை.

அந்த இரண்டாவது கும்பிடு எதற்கென்று, இந்தக் குடும்பத்தோடு முதல் வாரத்திலிருந்தே நடந்து வருகிறவர்களுக்குத் தெரியும். வழியில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கொழும்பில் கடை வேலைக்குப் போன இடத்தில் திலக்ஷனுக்குப் போதைத் தூள் பழகியது. ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. முதலில் வீட்டிலிருந்த பாத்திரங்கள் போயின. பிறகு அடுத்தவர்களின் கேஸ் சிலிண்டர்கள் போயின. பிடித்துச் சிறையில் போட்டார்கள். உள்ளே போகும்போது அவனுக்குத் தூள் விற்கிற ஒருவனைத்தான் தெரியும். வெளியே வரும்போது பத்துப் பேரைத் தெரிந்திருந்தது. வந்த சூட்டிலேயே பக்கத்துக் காம்பராவில் இருந்த சுதர்ஷினியின் தையல் மெசினைத் தூக்கினான். புருஷனை இழந்தவள் அவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்துத்தான் வயிற்றைக் கழுவி வந்தாள்.

ஹட்டன் கோர்ட்டில் நீதவான் அவளிடம் என்ன சொல்ல விரும்புகிறாய் என்று கேட்டபோது, சுதர்ஷினி கை கட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஐயா, போன தடவ இவன ஜெயில்ல போட்டாங்க. திரும்பி வந்து என் மெசின எடுத்தான். இந்தத் தடவயும் போட்டா, அடுத்து வேற ஒருத்தி வந்து இந்த எடத்துல நிப்பா. மொதல்ல இவனச் சொகப்படுத்துங்கய்யா."

நீதவான் சிறைத்தண்டனையை ஒத்திவைத்து, கண்டிக்குப் பக்கத்தில் இருந்த புனர்வாழ்வு நிலையத்துக்கு அவனை அனுப்பினார். அங்கே உடம்பு நொறுங்கியது. பிறகு தேறியது. வெல்டிங் வேலையும் கற்றுக்கொண்டான். இப்போது கொட்டகலை பஜாரில் ஒரு சிங்கள முதலாளியின் பட்டறையில் வேலை. வாரம் ஒரு முறை ஹட்டன் கிளினிக்கில் ஆலோசகர் இராஜகுமாரி மிஸ்ஸைப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். புதிதாக ஒரு வழக்கு விழுந்தால் ஒத்திவைத்த சிறைத்தண்டனை அப்படியே திரும்பி வந்துவிடும்.

அந்த ஒன்றை நினைத்துத்தான் அம்மாக்கண்ணு அன்றாடம் பயந்தாள். அன்று காலை அது வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

* * *

ஜெயந்தினி தோட்டத்துப் புள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறவள். திலக்ஷனுக்கு மூத்தவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப் போன குழந்தைகளில் ஒன்றுக்குப் பாற்கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற லயத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தம்பியின் பெயர் அதில் இருந்தது.

கூட வேலை செய்கிறவளிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அவர்களுடைய காம்பரா வாசலில் பழனியாண்டி நின்றிருந்தார். பின்னால் நாலைந்து ஆம்பிளைகள். பழனியாண்டி தோட்ட வேலையோடு லயத்துக்குக் கீழே கோவாவும் லீக்சும் என்று மரக்கறி போட்டிருக்கிறவர். மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் அனுப்பியதில் வாங்கிய தண்ணி மோட்டரைத்தான் அவர் கண் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா? என்ன நடந்திச்சி?"

"என்ன நடந்திச்சா? தோட்டத்துக் கொட்டிலுல இருந்த மோட்டரக் காணோம்! எங்க ஒன் தம்பி?"

"வேலைக்குப் போயிட்டான்."

"மோட்டரக் கொண்டு போயி விக்கப் போனானா, வேலைக்குப் போனானா?"

பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். அப்போது பக்கத்துக் காம்பராவிலிருந்து சுதர்ஷினி வெளியே வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தங்கச்சி வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்த பழைய மெசினில்தான் இப்போது தைக்கிறாள்.

"அவன் எடுக்கல அண்ணே."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ராத்திரி முழுக்க இருமிக்கிட்டுக் கெடந்தான். ரெண்டு காம்பராவுக்கும் நடுவுல இருக்கிற செவுரு கூர வரைக்கும் போகல. அவன் பொரண்டு படுத்தாக்கூட எனக்குக் கேக்கும்."

"ஒன் மெசினயே தூக்கினவன். நீயே அவனுக்கு வக்காலத்தா?"

"என் மெசினத் தூக்கினவன்னுதான் நான் அவன விடாமக் கவனிச்சிக்கிட்டு இருக்கேன். ஒங்க எல்லாரவிடயும் எனக்குத்தான் பயம் கூட. நான் சொல்றேன், அவன் வெளிய போகல."

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பழனியாண்டி மட்டும் குரலை இன்னும் உயர்த்தினார்.

"அதெல்லாம் பொலிசுல சொல்லிக்கட்டும். நான் பேரக் குடுத்துட்டேன்."

அவர் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

ஜெயந்தினி கதவைத் திறந்து உள்ளே போனாள். தம்பியின் கட்டிலுக்கு முன்னால் சிறிது நேரம் நின்றாள். பிறகு முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். விறகு அடுக்குக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். எங்கும் ஒன்றுமில்லை. அவனுடைய பழைய சப்பாத்து ஒரு சோடியும், புனர்வாழ்வு நிலையத்தில் கொடுத்த துவாயும்தான் கிடந்தன.

முகம் சுட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் எடுத்தாள்.

* * *

திலக்ஷன் பட்டறை வாசலில் நின்று அக்கா சொன்னதைக் கேட்டான். எதிரில் கொழும்பு பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. நடத்துநர் கூவிக்கொண்டிருந்தான். ஏறி உட்கார்ந்தால் போதும். கொழும்பில் யாரிடம் போக வேண்டும் என்பது இன்னும் அவனுக்கு மறக்கவில்லை.

தூளின் நினைப்பு எழும்பியது. பல மாதமாக வராதது. பஸ்ஸைப் பார்க்கப் பார்க்க அது கூடியது.

பஸ்ஸுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு இராஜகுமாரி மிஸ்ஸுக்கு அழைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்கு வேலைக்கு வந்தவர் அவர். எந்த அவசரத்திலும் குரல் உயராது.

"சொல்லுங்கோ தம்பி."

அவன் சொன்னான். பஸ் நிற்பதையும் சொன்னான்.

"பஸ் நிக்குதெண்டும் சொல்லிப்போட்டியள். அது நல்லது. இப்ப நீங்கள் தனிய நிக்க வேண்டாம், முதலாளிக்குப் பக்கத்தில போய் நில்லுங்கோ. பிறகு நேர பொலிசுக்குப் போங்கோ. ஓட வேண்டாம், ஒளிக்க வேண்டாம். நான் அவையளோட கதைக்கிறன்."

"என்ன உள்ள வச்சிருவாங்களா மிஸ்?"

"தெரியாது. பொய் சொல்லி உங்களுக்கு ஆறுதல் தர மாட்டன். ஆனா உங்கட கிளினிக் வரவெல்லாம் ஒழுங்காக இருக்கு. அதை நான் சொல்லுவன்."

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாதி முடிந்த கேட்டைக் காட்டினார். "போயிட்டு வா மல்லி. இத வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னார். மல்லி என்றால் தம்பி.

திலக்ஷன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு நடந்தான்.

மோட்டரை யார் எடுத்திருப்பார்கள் என்று அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் பஜாரில் பழனியாண்டியின் மகன் வினோஜனைக் கண்டான். அவனும் கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன்தான். வெயில் அடிக்கிற நேரத்தில் இரண்டு ஜாக்கெட் போட்டிருந்தான். மூக்கு ஒழுகியது. பேச்சுக்குப் பேச்சு கொட்டாவி விட்டான். திலக்ஷன் தன்னையே எதிரில் பார்ப்பதுபோல் நின்றான். மிஸ்ஸின் இலக்கத்தைக் கொடுத்து, "பயப்படாமப் பேசு மச்சான், என் நம்பரும் இருக்குதானே" என்றான். வினோஜன் இலக்கம் எழுதிய தாளை ஜாக்கெட் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டான்.

பொலிசில் இருந்த சார்ஜன்ட் சிங்களவர். தமிழ் ஓரளவு பேசுவார்.

"நீ எடுக்கலயா?"

"எடுக்கல சேர்."

"அப்ப யாரு? ஒனக்குத் தெரியாம இருக்காதே. சொல்லு, நீ வீட்டுக்குப் போகலாம்."

திலக்ஷன் தலையைக் குனிந்து யோசித்தான். அவனை ஒரு தடவை கோயில் கம்பத்தில் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். அவிழ்த்துவிட்டதும் அவன் முதலில் தேடிப்போனது தூளைத்தான். வினோஜனின் பெயரை இங்கே சொன்னால் அது சாயங்காலத்துக்குள் மலை ஏறித் தோட்டத்துக்குப் போய்விடும். பிறகு அவனையும் கம்பத்தில்தான் கட்டுவார்கள்.

"ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு சேர். சந்தேகத்துல பேரச் சொன்னா என்ன ஆகும்னு இப்ப நானே பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு வேணாம்."

சார்ஜன்ட் பேனாவை மூடினார். பிறகு பெஞ்சைக் காட்டினார்.

"அங்க இரு. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். வேற ஒண்ணும் தெரிய வரலன்னா நாளைக்குக் கோர்ட்."

* * *

மலையில் செய்தி கொழுந்துக் கூடையைவிட வேகமாகப் போகும். அம்மாக்கண்ணு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்தபோது பெண்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அந்த ஒதுக்கம் அவளுக்குப் பழக்கமானதுதான். இருந்தாலும் அதை மறந்து சில மாதங்கள் இருந்துவிட்டதால் இந்தத் தடவை கூடுதலாக வலித்தது.

நிறுத்து முடித்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். உடனே பொலிசுக்குப் போக வேண்டும்.

"அக்கா."

பழனியாண்டி. மடுவத்துக்குப் பின்னால், சவுக்கு மரத்தடியில் தனியாக நின்றிருந்தார்.

"என் மகன் பேரக் குடுத்துட்டு என்கிட்ட வந்து நிக்கிறியா தம்பி?" அம்மாக்கண்ணு படங்கைக் கீழே போட்டாள். "இன்னும் என்ன வேணும் ஒனக்கு?"

"ஒண்ணு கேக்கணும்க்கா."

"கேளு."

பழனியாண்டி சுற்றிலும் பார்த்தார். காலையில் அத்தனை சத்தம் போட்டவர் இப்போது பேசியது பக்கத்தில் நின்றால்தான் கேட்டது.

"திலக்ஷன் கெட்டுப் போயிட்டான்னு... ஒங்களுக்கு மொதல்ல எப்படித் தெரிஞ்சிச்சி?"

அம்மாக்கண்ணுவுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"கொட்டிலுப் பூட்டு ஒடையலக்கா" என்றார் அவர். "சாவி போட்டுத் தொறந்திருக்கு. காலைலயே பாத்தேன். பாத்தும், வேற யாராச்சும் எடுத்திருக்கணும்னு நெனச்சிக்கிட்டே ஒங்க வாசலுக்கு வந்து கத்தினேன். கத்தக் கத்த அது உண்மையாயிரும்னு நெனச்சேன் போல. அந்தச் சுதர்ஷினிப் புள்ள அவ்வளவு தைரியமா சொன்னதும் கையும் ஓடல, காலும் ஓடல. வீட்டுக்குப் போனேன். சாவி ஆணியில தொங்குது. வினோஜன் உடுப்புப் பையக் காணோம். போனும் வேல செய்யல."

அம்மாக்கண்ணு கொழுந்து மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

அவள் அந்த நேரத்தில் அவரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "இப்பத் தெரியுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. எதிரில் நின்ற மனிதனின் கைகள் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தன. இதே மாதிரி நின்ற அவளிடம் ஒரு காலத்தில் யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

"சோறு இருக்கான்னு கேக்க மாட்டான்" என்று ஆரம்பித்தாள். "அதுதான் மொத. பானயத் தொறந்தே பாக்க மாட்டான். நான்தான் வேலைக் களைப்புன்னு நெனச்சேன். அப்புறம் குளிக்க மாட்டான். தண்ணி பட்டா ஒடம்பு நோகுதும்பான். கட்டிலுக்கடியில ஈயத்தாளு கெடக்கும், கரி புடிச்சி."

பழனியாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"பொய் சொல்றதுல ஒரு வித்தியாசம் தெரிஞ்சிச்சி தம்பி. சின்னதுல பொய் சொன்னா தலயக் குனிஞ்சிக்குவான். இது வந்த பெறகு என் கண்ணப் பாத்துச் சொல்லுவான். கண்ணச் சிமிட்டாமச் சொல்லுவான். அப்பதான் நான் பயந்தேன்."

"என் மவன் நேத்து அப்படித்தான் பாத்தான்க்கா" என்றார் பழனியாண்டி. மரத்தில் சாய்ந்துகொண்டார்.

கணக்கப்பிள்ளை அடுத்தவளின் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"இது வியாதி" என்றாள் அம்மாக்கண்ணு. "நானும் மொதல்ல நம்பல. நாலு அடி போட்டா விட்டுருவான்னு நெனச்சேன், ஜெயில்ல போட்டா திருந்திருவான்னு நெனச்சேன். மருந்தும் மிஸ்ஸும்தான் என் புள்ளயத் திருப்பித் தந்திச்சி. சுதர்ஷினி அன்னைக்கு வாயத் தொறக்காட்டி அதுவும் இல்ல. இப்ப நீ பொலிசுக்குப் போகணும் தம்பி."

"என் மகன் பேர என் வாயாலயா?"

"சொல்லாட்டி என் மகன் உள்ள போவான். ஒன் மகன் ஒளிஞ்சிக்கிட்டே திரிவான். ஒளிஞ்சிக்கிட்டுத் திரியிறவனுக்கு யாரு மருந்து குடுப்பா?"

அவர் தலையைக் குனிந்தபடி லயத்துப் பாதையில் இறங்கினார்.

* * *

அம்மாக்கண்ணு பொலிசுக்கு வந்தபோது ஜெயந்தினி ஏற்கனவே தம்பியின் பக்கத்தில் பெஞ்சில் இருந்தாள். சோற்றுப் பார்சல் பிரித்த நிலையில் மடியில் இருந்தது.

"என் கட்டிலுக்கடியில பாத்தியா?" என்று திலக்ஷன் கேட்டான்.

ஜெயந்தினி திடுக்கிட்டாள். பிறகு ஒத்துக்கொண்டாள். "பாத்தேன்."

"பாக்கணும். மிஸ் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. நம்புங்க, ஆனா பாத்துக்கிட்டே இருங்கன்னு."

"ஒன்னும் இல்லடா அங்க."

"தெரியும்" என்று சிரித்தான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மடுவத்தில் நடந்ததை அம்மாக்கண்ணு பிள்ளைகளிடம் மெதுவாகச் சொன்னாள். "வருவாரா?" என்று ஜெயந்தினி கேட்டாள். அம்மாக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வந்தது. விட்டது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ரோட்டில் போனார்கள். இராஜகுமாரி மிஸ் போனில் சார்ஜன்ட்டோடு நெடுநேரம் பேசினார். சார்ஜன்ட் கேட்டுக்கொண்டார். ஆனால் பழனியாண்டி கொடுத்த முறைப்பாட்டில் உள்ள பெயரை அவரேதான் மாற்ற வேண்டும் என்றார்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. பழனியாண்டி இறங்கினார். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். தலை நனைந்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்களைப் பார்க்காமல் நேராக மேசைக்குப் போனார்.

"சேர், நான் காலைல ஒரு பேர் குடுத்தேன். அது தப்பு. அந்தப் பையன் எடுக்கல."

"அப்ப யார் எடுத்தது?"

"என் மகன்."

சார்ஜன்ட் பேனாவை எடுத்தார். "முழுப் பேர்?"

பழனியாண்டி வாயைத் திறந்தார். மூடினார். தோட்டத்தில் பிள்ளையின் முழுப் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் தகப்பன் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"பழனியாண்டி வினோஜன்."

தன் பெயரையும் சேர்த்துத்தான் அவர் அந்த மேசையில் வைத்தார். குரல் உடையவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"திருட்டுன்னே எழுதுங்க சேர். நான் மறைக்கல. ஆனா அவன அடைச்சி மட்டும் வைக்காதீங்க. இந்தா இருக்கானே, இவன அனுப்பின எடத்துக்கு அவனயும் அனுப்ப ஏதாச்சும் வழி இருக்கா?"

"அது நீதவான் கையில" என்றார் சார்ஜன்ட். பேனாவைக் கீழே வைத்தார். "ஆனா அவனே வந்து, எடுத்தேன், சிகிச்சைக்குப் போறேன்னு சொன்னா, நாங்களும் அதக் கோர்ட்டுல சொல்லலாம். ஒங்க மிஸ்ஸும் சொல்லுவாங்க. மொதல்ல ஆளக் கூட்டிட்டு வாங்க. வெரட்டிப் புடிச்சிக் கொண்டாராதீங்க. பேசிக் கூட்டிட்டு வாங்க."

பிறகு திலக்ஷனைப் பார்த்தார். "நீ போகலாம்."

இரண்டே சொல்லில் ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்ப முடிகிறது. அம்மாக்கண்ணு மகனின் தோளைப் பற்றி எழுப்பினாள். ஜெயந்தினி சோற்றுப் பார்சலை மடித்து எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அம்மாக்கண்ணு பழனியாண்டியின் இரண்டு கைகளையும் பிடித்தாள். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள் அவளுடையவை. மண் ஏறிய விரல்கள் அவருடையவை.

"காலைல ஒங்க வாசல்ல நின்னு அத்தன பேச்சுப் பேசினேன்க்கா."

"பேசின. இப்ப இங்க வந்து நின்னியே. எனக்கு இதுதான் மனசுல நிக்கும்."

"மாமா" என்றான் திலக்ஷன். நன்றி என்று சொல்ல வந்தான். அந்தச் சொல் அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் பாரமாக இருக்கும் என்று தோன்றியது. "நானும் வர்றேன். அவன் எங்க போவான்னு எனக்குத்தான் கொஞ்சம் தெரியும்."

பழனியாண்டி தலையை மட்டும் ஆட்டினார்.

"நீ போயி சுதர்ஷினிகிட்டச் சொல்லு" என்று அம்மாக்கண்ணு மகளை அனுப்பினாள். "அவ மெசினுக்கு முன்னால ஒக்காந்து தைக்காமப் பயந்துக்கிட்டு இருப்பா. அவன் வெளிய வந்துட்டான்னு சொல்லு. இன்னைக்கும் அவதான் காப்பாத்தினான்னு சொல்லு."

பிறகு அவளும் ஆட்டோவில் ஏறினாள்.

"நீங்க எதுக்கும்மா?" என்றான் திலக்ஷன். "காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க."

"அவன் அம்மா இங்க இல்லயேடா" என்றாள். "ஒருத்தி வேணும்ல."

பழனியாண்டி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆட்டோ ஹட்டன் பக்கம் இறங்கியது. பழைய இரும்புக் கடை எங்கெங்கே இருக்கிறது என்று திலக்ஷன் ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடைக்காரன், அப்படி ஒரு பையன் சாக்கோடு வந்து வாசலில் நின்றுவிட்டு உள்ளே வராமலே போய்விட்டான் என்றான்.

ஹட்டனைத் தாண்டும்போது திலக்ஷனின் போன் அடித்தது. தெரியாத இலக்கம். ஸ்பீக்கரில் போட்டான்.

"மச்சான்..."

வினோஜனின் குரல். பல் கிடுகிடுத்தது.

"எங்கடா இருக்க?"

"வட்டவள ரயில் ஸ்டேசன்ல. இது கடைக்காரரு போன். ஒன்ன பொலிசு புடிச்சிட்டாங்களாமே, நம்ம தோட்டத்து ஆளு ஒருத்தரு இங்க வந்து சொன்னாரு. நான் எடுத்ததுக்கு ஒன்னப் புடிச்சிட்டாங்களா?"

"விட்டுட்டாங்க. ஒங்கப்பா வந்து ஒன் பேரச் சொல்லிட்டாரு."

பழனியாண்டி போனை வாங்கினார். வாயருகே கொண்டு போனார். அப்படியே இறக்கினார். போனை அம்மாக்கண்ணுவிடம் நீட்டினார்.

"வினோ, நான் திலக்ஷன் அம்மா பேசுறேன்பா. அப்பா என் பக்கத்துலதான் இருக்காரு. ஒன்ன அடிக்க வரல. ஒன்னத் தேடி வர்றாரு."

"பெரியம்மா..." அவன் அழ ஆரம்பித்தான். "மோட்டர நான் விக்கல பெரியம்மா. பக்கத்துலதான் வச்சிருக்கேன். வாசல் வரைக்கும் போனேன். அம்மா அனுப்பின காசுல வாங்கினது. விக்க முடியல. ஒடம்பெல்லாம் முறிக்கிது. என்னால தாங்க முடியல."

"தெரியும்பா. எனக்குத் தெரியும். என் புள்ள தாங்கினான். நாங்க எல்லாரும் கூட இருந்தோம். ஒனக்கும் இருப்போம். அந்த எடத்த விட்டு நகராத."

"கொழும்பு ரயில் வருது பெரியம்மா."

"வரட்டும். போகட்டும். நீ ஏறிடாத சாமி."

ரயிலின் ஊதல் முதலில் மெல்லியதாகக் கேட்டது. பிறகு இரும்பின் இரைச்சல் போனை நிறைத்தது. அம்மாக்கண்ணு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொல்வது அவளுக்கே கேட்கவில்லை. பழனியாண்டி மகனின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். ஓட்டுநர் வளைவில் வேகத்தைக் கூட்டினான்.

இரைச்சல் நின்றது. கதவுகள் அடிபடும் சத்தம், யாரோ யாரையோ அழைக்கும் சத்தம். மறுபடி ஊதல். ரயில் மெல்ல அசைந்து, தூரப் போய்க்கொண்டே போய், இல்லாமல் ஆகியது.

மூன்று பேரும் போனுக்கு மேல் குனிந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பல் கிடுகிடுக்கிற சத்தம் மெல்லக் கேட்டது. வினோஜன் இன்னும் போனை வைக்கவில்லை.